எடைக்கு எடை, காற்றுக்குக் காற்று

வத்திராயிருப்பைத் தாண்டி மேற்கே போகும் சாலை மலையடிவாரத்தைத் தொடும் இடத்தில் பிளவக்கல் இருக்கிறது. பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள், அவற்றின் கீழே தென்னையும் மாவும், மேலே மேற்குத் தொடர்ச்சி மலை. ஆடி மாதத்தில் மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் கரும்பருந்து ஒன்று சிறகடிக்காமல் மிதப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். உடல் அசையாது, பிளவுபட்ட வால் மட்டும் இடமும் வலமுமாக ஓயாமல் முறுக்கிக்கொண்டே இருக்கும். இறக்கையைச் சற்று முன்னே நீட்டும், பின்னே மடக்கும். எடை, காற்று, வேகம் மூன்றுக்கும் இடையிலான கணக்கை அந்தப் பறவை நொடிக்கு நொடி போட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் இறக்கை ஒட்டிய இடத்தில்தான் இருக்கும். வாலில் இரண்டு பலகைகள் ஆடும். இறக்கை ஓரத்தில் இரண்டு பலகைகள் ஆடும். அவ்வளவுதான். ஆகவே பருந்து வானத்தில் செய்வதில் பெரும்பகுதியை மாதிரி விமானம் கட்டுகிறவர் தரையிலேயே செய்து முடித்தாக வேண்டும். கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்கி, ஒரு கணம் தயங்கி, ஒரு பக்கம் சரிந்து தரையில் குத்துகிற விமானத்தைப் பார்த்து, 'காத்து அடிச்சிருச்சு' என்பார்கள். பெரும்பாலும் காற்றின்மேல் குற்றமில்லை. எடை இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்காது.

இந்த வேலைக்கு இரண்டு பகுதிகள். எடையைச் சரியான இடத்தில் வைப்பது சமநிலைப்படுத்தல். பறக்கும்போது ரிமோட்டின் குச்சியைத் தொடாமலே நேராகப் போகும்படி பலகைகளைச் சற்றே திருப்பி வைப்பது டிரிம். முதலாவதைச் சரியாகச் செய்யாமல் இரண்டாவதை வைத்துச் சமாளிப்பதுதான் புதியவர்கள் செய்வது. அது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இயற்பியலில் தெளிவான பதில் இருக்கிறது.

இரண்டு புள்ளிகள்

இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர் முதலில் கற்கும் சொல் சி.ஜி., அதாவது ஈர்ப்பு மையம். விமானத்தின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால் அந்தப் புள்ளி. இறக்கை உடலின் மேல்பக்கம் இருக்கும் மாதிரியில், இரண்டு இறக்கைகளின் அடியிலும் ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்கி, எங்கே தாங்கினால் மட்டமாக நிற்கிறது என்று பார்த்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம். இறக்கை கீழ்ப்பக்கம் இருந்தால் விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்து இதைச் செய்ய வேண்டும். பறக்கும்போது உள்ளே என்னென்ன இருக்குமோ அத்தனையும், முக்கியமாக பேட்டரி, உள்ளே இருக்க வேண்டும்.

சி.ஜி.க்கு ஜோடியாக இன்னொரு புள்ளி உண்டு. அது விரலுக்கு அகப்படாது. விமானம் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. கீழிருந்து ஒரு காற்று மோதி மூக்கை லேசாக உயர்த்துகிறது. இறக்கையும் வாலும் காற்றைச் சற்றுக் கூடுதல் கோணத்தில் சந்திக்கின்றன. இரண்டிலும் தூக்குவிசை கூடுகிறது. இப்படிப் புதிதாகச் சேர்ந்த விசை முழுவதும் எந்தப் புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாமோ, அதுதான் நடுநிலைப் புள்ளி.

இனி விஷயம் எளிது. சி.ஜி. அந்தப் புள்ளிக்கு முன்னால் இருந்தால், புதிய விசை விமானத்தை அதன் பின்பக்கத்தில் பிடித்துத் தூக்குகிறது. மூக்கு தானாகக் கீழே இறங்கி, பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. சி.ஜி. பின்னால் இருந்தால், அதே விசை மூக்கை இன்னும் மேலே தள்ளும். மூக்கு உயர உயர விசை கூடும். விசை கூடக் கூட மூக்கு உயரும். ஓட்டுகிறவர் என்ன ஏது என்று புரிந்துகொள்வதற்குள் இறக்கை ஸ்டால் ஆகியிருக்கும், அதாவது காற்றைப் பற்றும் திறனை இழந்திருக்கும்.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலத்தை நாண் என்பார்கள். வழக்கமான வால் கொண்ட பயிற்சி மாதிரிகளில் நடுநிலைப் புள்ளி நாணில் சுமார் 40 சதவீதத்தை ஒட்டி அமையும். வால் பெரிதாகவும் நீளமாகவும் இருந்தால் இன்னும் பின்னே போகும். சி.ஜி.யை முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள் வைத்துத் தொடங்கச் சொல்வது இதனால்தான். நாணில் 10 சதவீதம் இடைவெளி விட்டால் புதியவருக்குப் பாதுகாப்பு. வித்தை காட்டுகிறவர்கள் அதை 5 சதவீதத்துக்குச் சுருக்கிக்கொள்வார்கள். வால் இல்லாத, இறக்கை மட்டுமே உள்ள மாதிரிகளுக்கு இந்த எண்கள் பொருந்தா, அவற்றின் சி.ஜி. 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

இதெல்லாம் விமானம் பிறப்பதற்கு முன்பே தெரிந்த சங்கதி. இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி 1804-இல் ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு கிளைடர் மாதிரியைச் செய்தார். பட்டத்தையே இறக்கையாக வைத்து, பின்னால் திருப்பி வைக்கக்கூடிய வாலும், முன்னால் இடம் மாற்றக்கூடிய எடையும் வைத்தார். இன்று நாம் டிரிம் என்றும் சி.ஜி. என்றும் சொல்லும் இரண்டும் அந்த முதல் மாதிரியிலேயே தனித்தனி ஏற்பாடுகளாக இருந்தன. பிரான்சின் அல்ஃபோன்ஸ் பெனோ 1871-இல் பாரிஸ் தோட்டம் ஒன்றில், முறுக்கிய ரப்பரால் இயங்கும் மாதிரியைப் பறக்கவிட்டார். யாரும் கட்டுப்படுத்தாமல் 11 விநாடி நிலையாகப் பறந்தது. இறக்கையைவிட வாலைச் சற்றுக் கீழ்க்கோணத்தில் வைத்ததே அதன் ரகசியம்.

வால் பலகையை முன்னால் வைத்த ரைட் சகோதரர்களுக்கு இந்தப் பாடம் கஷ்டப்பட்டே வந்தது. அவர்களுடைய விமானம் மேலும் கீழுமாக அலைபாய்ந்துகொண்டே போகும். 1904-இல் முன்பக்கம் சுமார் 70 பவுண்டு, அதாவது 32 கிலோ இரும்பைச் சேர்த்துச் சி.ஜி.யை முன்னே கொண்டுவந்த பிறகு அந்த ஆட்டம் குறைந்தது. பறப்பதற்காகக் கிராம் கிராமாக எடை குறைத்தவர்கள், நிலையாகப் பறப்பதற்காக இரும்பை ஏற்றினார்கள்.

ஏற்றத்தில் நடந்தவரின் கணக்கு

பம்புசெட் வருவதற்கு முன் கிணற்றில் ஏற்றம் இறைத்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துலாவின் மேல் ஆள் முன்னே நடந்தால் சால் இறங்கும், பின்னே நடந்தால் ஏறும். ஆளின் எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. நிற்கும் இடம்தான் மாறியது. எடையையும் அச்சிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கி வரும் திருப்புத்திறன்தான் அங்கே வேலை செய்கிறது. மாதிரி விமானத்தில் அந்த ஆள், பேட்டரி.

நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் பரவலாகக் கட்டும் அளவிலேயே ஒரு கணக்குப் போடுவோம். இறக்கை நீளம் 1,200 மில்லிமீட்டர், நாண் 200, மொத்த எடை 800 கிராம். சி.ஜி. 28 சதவீதத்தில், அதாவது முன்விளிம்பிலிருந்து 56 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். விரலில் தூக்கிப் பார்த்தால் 68-இல் இருக்கிறது. 12 மில்லிமீட்டர் பின்னே போய்விட்டது. 800-ஐ 12-ஆல் பெருக்கினால் 9,600. இதை ஈடுகட்ட வேண்டும்.

முதல் வழி, மூக்கில் ஈயம் வைப்பது. மோட்டார் பொருத்தும் பலகை, இருக்க வேண்டிய சி.ஜி.யிலிருந்து 240 மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது என்றால், 9,600-ஐ 240-ஆல் வகுத்து 40 கிராம் ஈயம் வேண்டும். இரண்டாவது வழி, பேட்டரியை நகர்த்துவது. மூன்று செல், 2,200 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி சுமார் 180 கிராம் இருக்கும். அதை 53 மில்லிமீட்டர் முன்னே தள்ளினால் அதே பலன். ஒரு கிராம்கூடக் கூடவில்லை. பேட்டரி அறையை வேண்டியதைவிட நீளமாகக் கட்டச் சொல்வது இதற்குத்தான்.

இதே கணக்கு இன்னொரு எச்சரிக்கையும் தருகிறது. வால் சி.ஜி.யிலிருந்து 600 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே கூடுதலாக 10 கிராம் பசையும் பெயின்ட்டும் சேர்ந்தால், அதைச் சமன் செய்ய மூக்கில் 25 கிராம் வைக்க வேண்டிவரும். ஆகவே வால் பக்கம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்பு அதிகம். உடைந்த வாலைத் தாராளமாகப் பசை போட்டு ஒட்டியவர், சி.ஜி.யைத் திரும்பவும் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது.

சுமை தூக்கும் போட்டிகளில் இது வெற்றி தோல்வியையே தீர்மானிக்கிறது. எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு மாணவர்களுக்காக நடத்தும் ஏரோ டிசைன் சேலஞ்ச் போன்ற போட்டிகளில், மாணவர்களே வடிவமைத்துக் கட்டிய விமானம் சுமையுடன் பறக்க வேண்டும். தேர்ந்த அணிகள் சுமை அறையைச் சரியாகச் சி.ஜி.யின் மேலேயே அமைக்கின்றன. அப்போது சுமை ஏற்றினாலும் இறக்கினாலும் எடைதான் மாறும், சமநிலை மாறாது. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் போல வானூர்திப் பொறியியல் கற்றுத்தரும் இடங்களில் வகுப்பறைச் சமன்பாடுகள் உயிர்பெறுவது இப்படிப்பட்ட அறைகளை எங்கே வைப்பது என்ற கேள்வியில்தான்.

இடது கனமா, வலது கனமா?

முன்பின் சமநிலையைப் பார்க்கிறவர்கள் பக்கவாட்டுச் சமநிலையை விட்டுவிடுகிறார்கள். மோட்டார் தண்டையும் வால் நுனியையும் மட்டும் பிடித்துத் தூக்கினால் எந்த இறக்கை தாழ்கிறது என்று தெரிந்துவிடும். தாழாத பக்கத்தின் நுனியில் இரண்டு, மூன்று கிராம் எடையை ஒட்டினால் பெரும்பாலும் தீர்ந்துபோகும். 'இத்தனை சிறிய எடைக்காக மெனக்கெட வேண்டுமா, இறக்கை ஓரத்து எய்லரானை ஒரு கிளிக் டிரிம் செய்தால் ஆயிற்றே' என்று தோன்றும்.

ஆகாது. எடையால் வரும் சாய்வு எந்த வேகத்திலும் மாறாது. 3 கிராம் என்றைக்கும் 3 கிராம்தான். எய்லரானின் விசையோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. வேகம் பாதியானால் விசை கால்வாசி. நடுத்தர வேகத்தில் டிரிம் செய்து நேராக்கிய விமானம், இறங்குவதற்காக வேகம் குறையும்போது கனத்த பக்கமே சாயும். இறங்கும் நேரம்தான் உயரமும் இல்லை, வேகமும் இல்லை, சரிசெய்ய அவகாசமும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இறக்கை லேசாக முறுக்கிக்கொண்டிருந்தால் அதனால் வரும் சாய்வும் காற்றின் விசையே. அதுவும் வேகத்தின் இருமடியாகவே கூடிக்குறையும். அதை எய்லரானால் சமன் செய்தால் எல்லா வேகத்திலும் ஏறக்குறையப் பொருந்தும். அங்கே எடையை ஒட்டினால்தான் ஒரே ஒரு வேகத்துக்கு மட்டும் சரியாக இருக்கும்.

மாதிரி விமானத்தைச் சீர்படுத்தும் கலை முழுவதும் இந்த ஒரு விதியில் அடக்கம். எடையால் வந்த குறையை எடையால் தீர்க்க வேண்டும்; காற்றால் வந்ததைக் காற்றால் தீர்க்க வேண்டும். எது எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டுபிடிக்க வழி, வேகத்தை மாற்றிப் பார்ப்பது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக்குறைக்கும் த்ராட்டிலைப் பாதியில் வைத்து, கைவிட்டாலும் நேராகப் போகும்படி டிரிம் செய்துகொண்டு, பிறகு வேகத்தைக் குறையுங்கள். சாய்வு தலைகாட்டினால் எடைக் கோளாறு. தலைகாட்டாவிட்டால் முறுக்கு, டிரிம் அதைக் கவனித்துக்கொண்டது.

டிரிம் தருவது எங்கிருந்து?

ஃப்ளைஸ்கை ஐ6 போன்ற ரிமோட்டில் குச்சிகளின் ஓரத்தில் சின்னச் சின்ன டிரிம் பொத்தான்கள் இருக்கும். ஒருமுறை அழுத்தினால் ஒரு பீப். அந்தப் பலகையை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ துளி நகரும். குச்சி நடுவில் இருக்கும்போதே பலகை கொஞ்சம் மேலோ கீழோ நிற்கும்.

வாலின் கிடைமட்டப் பலகையான எலிவேட்டரை மேலே டிரிம் செய்தால் விமானம் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. எலிவேட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ, அதற்கேற்ற ஒரே கோணத்தில்தான் இறக்கை காற்றைச் சந்திக்கும்; அந்தக் கோணத்தில் எடையைத் தாங்க ஒரு குறிப்பிட்ட வேகம் வேண்டும். மேலே டிரிம் செய்தால் அந்த வேகம் குறைவு, கீழே செய்தால் அதிகம். த்ராட்டிலைக் கூட்டினால் விமானம் வேகமாகப் போவதைவிட ஏறத்தான் பார்க்கும். நன்றாக டிரிம் செய்த விமானத்தில் எலிவேட்டர் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும், மோட்டார் உயரத்தைப் பார்த்துக்கொள்ளும். இது பிடிபட்டுவிட்டால் இறங்குவதற்காக மூக்கைத் தள்ளித் தள்ளிப் பழகும் வழக்கம் போய்விடும்.

டிரிம் எதையும் இலவசமாகத் தருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். எலிவேட்டர் மேலும் கீழும் ஓர் அளவுக்குத்தான் ஆடும். டிரிம் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மூக்கு கனத்த விமானத்தை மேல்டிரிம் போட்டு நேராக்கினால், இறங்கும்போது மூக்கைத் தூக்குவதற்கு மிச்சமிருக்கும் அசைவு குறைந்துபோகிறது. போதாததற்கு, மேலே திருப்பிய எலிவேட்டர் வாலைக் கீழே அழுத்துகிறது. விமானத்தின் எடையோடு அந்த அழுத்தத்தையும் சேர்த்து இறக்கை தாங்க வேண்டியிருக்கிறது.

எனவே முதல் சில பறத்தல்கள் முடிந்ததும், டிரிம் எத்தனை கிளிக் போயிருக்கிறது, பலகை எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால், சர்வோவிலிருந்து பலகைக்குப் போகும் கம்பியின் முனையைத் திருகி நீளத்தை மாற்றி, பலகையை அதே இடத்தில் நிறுத்திவிட்டு, ரிமோட்டில் டிரிமை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்கும் மேல் போயிருந்தால் கம்பியைத் தொடாதீர்கள். சி.ஜி.யை மீண்டும் அளந்து பாருங்கள்.

மோட்டாரின் பங்கு

மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. எடையும் சரி, காற்றும் சரி. ஆனால் த்ராட்டிலைத் தள்ளியதும் விமானம் இடது பக்கம் இழுக்கிறது, அல்லது மூக்கைத் தூக்குகிறது. விமானத்தின் பின்னால் நின்று பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் எதிர்விளைவு விமானத்தை இடது பக்கம் உருட்டப் பார்க்கும். புரொப்பெல்லர் தள்ளும் காற்றும் சுழன்றுகொண்டே வந்து வால் செங்குத்துப் பலகையின் ஒரு பக்கத்தில் மோதும். இறக்கை மேலே உள்ள பயிற்சி விமானங்களுக்கு இதோடு வேகம் கூடும்போது ஏறும் குணமும் உண்டு.

இதை வாலின் செங்குத்துப் பகுதியில் ஆடும் பலகையான ரட்டராலும் எலிவேட்டராலும் டிரிம் செய்தால், த்ராட்டிலைக் குறைத்ததும் கோளாறு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். மோட்டாரால் வந்ததை மோட்டாரில்தான் தீர்க்க வேண்டும். மோட்டாரைத் தாங்கும் தட்டின் பின்னே இரண்டு திருகாணிகளுக்கு மெல்லிய வாஷர் கொடுத்து, தண்டை வலப்பக்கம் இரண்டு பாகை, கீழ்ப்பக்கம் இரண்டு மூன்று பாகை சாய்த்து வைப்பார்கள். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு மோட்டார் கோணலாகப் பொருத்தப்பட்டதாகத் தோன்றும். வேண்டுமென்றே செய்த கோணல் அது.

மேலேயிருந்து ஒரு சோதனை

தரையில் செய்வதெல்லாம் மதிப்பீடு. சி.ஜி. எங்கே இருக்க வேண்டும் என்று கடைசியில் சொல்லுவது விமானம்தான். அதைக் கேட்கும் முறைக்கு டைவ் சோதனை என்று பெயர்.

முதலில் பாதி த்ராட்டிலில் கைவிட்டாலும் மட்டமாகப் போகும்படி டிரிம் செய்துகொள்ள வேண்டும். 70, 80 மீட்டர் உயரத்தில் த்ராட்டிலை முழுக்கக் குறைத்து, மூக்கைச் சரிவாகக் கீழே தள்ளி, குச்சியை விட்டுவிட வேண்டும். விமானம் தானாக வெடுக்கென்று மேலே திரும்பினால் மூக்கு கனம். சரிவு இன்னும் செங்குத்தானால் வால் கனம். உடனே குச்சியை இழுத்து மீட்க வேண்டும். மெதுவாக, பெரிய வளைவில் தானே நிமிர்ந்தால் பயிற்சி விமானத்துக்கு அதுதான் வேண்டியது.

மூக்கு கனத்த விமானம் கீழே போகாமல் மேலே திரும்புவது முதலில் குழப்பும். மேலே சொன்ன அதே விதியை வைத்துப் பாருங்கள். மூக்கின் கனத்தை ஈடுகட்ட ஏற்கெனவே மேல்டிரிம் போட்டிருக்கிறோம். டைவில் வேகம் கூடுகிறது. மூக்கின் கனம் மாறவில்லை. மேல்டிரிமின் விசை இருமடியாகப் பெருகிவிட்டது. ஆகவே டிரிம் ஜெயிக்கிறது. வால் கனத்த விமானத்தில் கீழ்டிரிம் இருக்கும். அங்கேயும் டிரிம்தான் ஜெயிக்கிறது, ஆனால் தரையை நோக்கி. அளவான வேகத்தில் ஒளிந்திருந்த பொய்யை டைவ் வெளியே இழுத்துவிடுகிறது.

சோதனை முடிந்ததும் பேட்டரியை ஒருமுறைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தாமல், ஒவ்வொரு முறையும் புதிதாக டிரிம் செய்துகொண்டு மீண்டும் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். பிடித்த இடம் கிடைத்ததும் பேட்டரி அறையில் ஒரு கோடு போட்டுவிடுவது நல்லது.

மனிதர் ஏறும் விமானத்தில்

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் சிறிய பயணிகள் விமானம், மூக்கு கட்டுக்கடங்காமல் உயர்ந்து, சில நொடிகளில் விழுந்தது. அதில் இருந்த 21 பேரும் இறந்தார்கள். விசாரணையில் இரண்டு குறைகள் தெரியவந்தன. சற்று முன்பு நடந்த பராமரிப்பில் எலிவேட்டர் கம்பியைத் தவறாக முறுக்கியிருந்ததால், மூக்கைக் கீழே இறக்கும் அசைவு ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. அதே நிலையில் அந்த விமானம் அதற்குப் பிறகு பல முறை பறந்துதான் இருந்தது. அன்றைக்குப் பயணிகளும் பெட்டிகளும் சேர்ந்து சி.ஜி.யை அனுமதித்த எல்லைக்குப் பின்னே தள்ளிவிட்டன. பயணிகளின் சராசரி எடை என்று பழைய பட்டியலில் இருந்த எண் உண்மையைவிடக் குறைவு. அந்த எண்ணைப் பிற்பாடு உயர்த்தினார்கள். எலிவேட்டரின் குறையை நல்ல சமநிலை மறைத்திருந்தது. சமநிலை கெட்டதும் அதைச் சரிக்கட்ட எலிவேட்டரில் மிச்சம் எதுவும் இல்லை.

இதற்கு நேர் எதிராக, சி.ஜி.யை வேண்டுமென்றே பின்னே வைத்த விமானமும் நம்மிடம் இருக்கிறது. 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த தேஜஸ், இயல்பாக நிலைப்பு இல்லாதபடி வடிவமைக்கப்பட்ட போர்விமானம். நிலைப்பு குறைந்தால் சட்டென்று திரும்பலாம் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். அதன் இரண்டு படைப்பிரிவுகள் நம் கோயம்புத்தூர் அருகே சூலூரில் இயங்கியிருக்கின்றன. அந்த விமானம் பறப்பது விமானி வேகமாகத் திருத்துவதால் அல்ல. கணினி ஒவ்வொரு நொடியும் பலமுறை பலகைகளைத் திருத்துவதால். ஒன்று தவறினால் இன்னொன்று பொறுப்பேற்கும்படி நான்கு மடிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு அதில் உண்டு.

எப்போது, எங்கே

பிளவக்கல் பக்கத்தில் டிரிம் வேலைக்குக் காலமும் இடமும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது சுழல்களாக உடைந்து வரும். நாம் கணக்குப் போட்ட 800 கிராம் விமானம் மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டருக்குக் கீழே ஸ்டால் ஆகும். ஆடிக்காற்று அதைத் தாண்டி வீசினால், எதிர்க்காற்றில் மெதுவாகப் பறக்கும் விமானம் தரையைப் பொறுத்தவரை பின்னோக்கிப் போகும். அந்தக் காற்றில் எது காற்றின் தள்ளல், எது விமானத்தின் குறை என்று பிரித்தறிய முடியாது. ஜனவரி, பிப்ரவரி மாதக் காலை வேளையில், வெயில் ஏறித் தரை சூடாவதற்கு முன்னால் கிடைக்கும் முதல் ஒரு மணி நேரம்தான் உத்தமம்.

இடம் இன்னும் முக்கியம். இங்குள்ள காடு 1988-இல் சாம்பல் நிற மலை அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. அணையின் மேலும் காட்டின் மேலும் விமானம் விடக் கூடாது. 2021 டிரோன் விதிகள், பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சிக்காக 25 கிலோவுக்குள் உள்ள மாதிரி விமானங்களைக் கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் மட்டுமே பறக்கவிடச் சொல்கின்றன. வரைபடத்தில் முன் அனுமதி வேண்டாத பகுதியாகக் குறித்த பச்சை மண்டலத்தில்கூட உயர எல்லை 400 அடி. எனவே அடிவாரத்தை விட்டுக் கிழக்கே தள்ளி வந்து, வண்டல் காய்ந்த கண்மாய்ப் பரப்பையோ தரிசையோ மண்டல வரைபடத்தில் பார்த்து, உரியவரிடம் கேட்டுக்கொண்டு பயன்படுத்துவதுதான் முறை. தென்னந்தோப்பு பக்கத்தில் இருந்தால் விமானத்தை மரத்திலிருந்து இறக்க ஆள் தேட வேண்டிவரும்.

இப்போது கடைகளில் ஜைரோ உள்ள சின்னப் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. விமானம் சாய்ந்தால் அவையே சர்வோவைத் திருப்பி நிமிர்த்திவிடும். வாங்கிப் பொருத்துகிறவர்கள், இனி சி.ஜி. பார்க்கும் வேலை மிச்சம் என்று நினைத்துவிடுகிறார்கள். தேஜஸின் கணினி செய்வதையே இந்தப் பலகையும் செய்கிறது, சிறிய அளவில். ஆனால் தேஜஸின் நான்கு மடிப்புப் பாதுகாப்பு இதில் கிடையாது. ஜைரோவும் டிரிமைப் போலவே எலிவேட்டரின் அசைவிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறது. வேகம் குறைந்த இடத்தில் பலகையில் விசை இல்லாதபோது அதனாலும் ஒன்றும் ஆகாது. சார்லட்டில் நடந்ததைப் போல, குறை இருப்பதே தெரியாமல் பல முறை பறக்கவைத்துவிட்டு, மிச்சம் தீர்ந்த அன்றைக்குக் கைவிடும். ஆகவே ஜைரோவை நிறுத்திவைத்து, எடையையும் மோட்டார் கோணத்தையும் டிரிமையும் இதே வரிசையில் சரிசெய்யுங்கள். ஜைரோ இல்லாமலே நிலையாகப் பறக்கிற விமானத்தில் மட்டும் அதை இயக்குங்கள்.